அக்கா தந்த பம்பும் அத்தை காய்ச்சிய பாலும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. முதல் குழந்தை 35-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். 9 நாள் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். இப்போது ஐந்து மாதம் முடிந்து நன்றாக இருக்கிறான். பிரசவத்துக்கு முன்பே ஆறு வாரம் லீவு போய்விட்டதால், 26 வாரம் சீக்கிரமே தீர்ந்து, மூன்று வாரமாக வேலைக்குப் போகிறார். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு.

பெரியப்பா மகள், அதாவது அக்கா, இரண்டு வருடத்துக்கு முன்பு பயன்படுத்திய மின்சார பம்பைக் கொடுத்திருக்கிறார். சுடுதண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார் இவர். அலுவலகத்தில் தனி அறை இல்லை. கழிவறையில் உட்கார்ந்து இரண்டு முறை எடுக்கிறார். எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு, ஜிப் கவரில் போட்டுப் பையில் வைத்துவிடுவது. இரவு வீட்டில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டு, "காலை வரைக்கும் நல்லா ஊறட்டும்" என்று விட்டுவிடுவது. பால் போதவில்லை என்று வேகத்தை உச்சத்தில் வைத்திருக்கிறார். காம்பில் கொப்புளம். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிதான் வருகிறது. வீட்டில் அத்தை அந்தப் பாலை வாங்கி, மாட்டுப்பாலைப் போலப் பொங்கக் காய்ச்சி, ஆற வைத்து, பால் பாட்டிலில் கொடுக்கிறார். போன வாரம் குழந்தைக்கு மூன்று நாள் தண்ணீராக வயிற்றுப்போக்கு. டாக்டர் உப்புச்சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும் கொடுத்துச் சரியாகிவிட்டது. ஆனால், "மிஷினில் கறந்த பால் பிள்ளைக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன், டப்பா பால் வாங்கு" என்கிறார் அத்தை. கணவர் எதுவும் சொல்லவில்லையாம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "டியூப் உள்ளே கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, அது என்ன டாக்டர்?"

பம்பில் எடுத்த பால் கெடுதலா, அத்தை சொல்வது சரியா, வேலையை விட்டுவிடட்டுமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தில் மூன்று இடத்தில் "என் தப்பா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தப்பு இல்லை. பிரசவம் பார்த்த இடத்தில் இதை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை. அக்கா பம்பைக் கொடுத்தபோது அதோடு வந்த குறிப்புப் புத்தகம் எப்போதோ தொலைந்திருக்கும். வேலைக்கும் போய், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஐந்து மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் வளர்த்திருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும்.

பம்பில் எடுத்த பால் உங்கள் பால்தான். மிஷின் அதை மாற்றுவதில்லை. ஆனால் மார்பிலிருந்து நேராகப் பிள்ளையின் வாய்க்குப் போகும் பால் வழியில் எதையும் தொடுவதில்லை. பம்ப் வழியாக வரும் பால் புனல், வால்வு, பாட்டில், உங்கள் கை, அத்தையின் பாத்திரம் என்று ஐந்தாறு இடத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. அந்த ஐந்தாறு இடங்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். போன வார வயிற்றுப்போக்குக்குப் பம்ப்தான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். கையாகவும் இருக்கலாம், பாட்டிலின் ரப்பராகவும் இருக்கலாம், வீட்டுக்கு வந்தவரிடமிருந்து ஒட்டிய வைரஸாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது நீங்கள் செய்கிற விதத்தில் கிருமி உள்ளே வர வழி இருக்கிறது. அதை அடைத்துவிடலாம்.

அக்காவின் பம்ப் வேண்டாம்

அந்தக் கறுப்புப் புள்ளி பூஞ்சை. டியூப்புக்குள் பாலின் ஈரமோ நீராவியோ போய்த் தங்கினால் வளர்வது. அதைக் கழுவி எடுக்க முடியாது, டியூப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டியூப்பை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். சில பம்புகளில் பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் முழுத் தடுப்பு இருக்கும், பால் எந்த வழியிலும் மோட்டாருக்குள் போகாது. சில பம்புகளில் அந்தத் தடுப்பு இல்லை. அவற்றில் பால் துளியோ ஈரமோ டியூப் வழியாக மோட்டாருக்குள்ளேயே போய்விடும். அங்கே பூஞ்சை பிடித்தால் உங்கள் கண்ணுக்கும் தெரியாது, கையும் எட்டாது. மோட்டார் இழுத்து விடும் காற்றோ திரும்பவும் பால் பக்கம்தான் வருகிறது. உங்கள் டியூப்பிலேயே பூஞ்சை வந்துவிட்டதால், உள்ளே சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பி இதைத் தொடரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு, கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் பம்புகள் பெரும்பாலும் ஒருவர் மட்டும் பயன்படுத்தச் செய்தவை. தாய்ப்பால் உடல் திரவம். சில வைரஸ்கள் அதில் வரும். அக்கா ஆரோக்கியமானவராக இருக்கலாம், இருந்தாலும் இன்னொருவர் பல் துலக்கிய பிரஷ்ஷை நாம் வாங்கிக்கொள்வதில்லையே.

"ஆஸ்பத்திரியில் ஆறு அம்மாக்களுக்கு ஒரே மிஷின்தானே வைத்திருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த மிஷின் பலர் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்படுவது, பால் மோட்டாருக்குள் போகாதபடி அடைப்பு இருக்கும். யோசித்துப் பாருங்கள், மிஷின்தான் பொதுவாக இருந்திருக்கும். புனலும் டியூப்பும் பாட்டிலும் ஒவ்வொரு அம்மாவுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

புதிதாக மின்சார பம்ப் வாங்கப் பணம் இடிக்கிறதென்றால் கையால் அழுத்தும் பம்ப் வாங்குங்கள். விலை குறைவு. மோட்டார் கிடையாது, டியூப் கிடையாது, எல்லாப் பாகத்தையும் கழற்றிக் கழுவலாம், கொதிக்க வைக்கலாம். ஆனால் மருந்துக் கடையில் ஒன்று தொங்கும், பழைய சைக்கிள் ஹாரன் மாதிரி ரப்பர் பந்து வைத்தது. அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பால் அந்தப் பந்துக்குள் போய்விடும், உள்ளே எந்தப் பிரஷ்ஷும் போகாது. இழுக்கும் வேகத்தையும் நம்மால் கட்டுப்படுத்த முடியாது.

பம்பே இல்லாமல் கையால் பீய்ச்சி எடுக்கவும் கற்றுக்கொள்ளலாம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நர்ஸிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுப்பார். கட்டைவிரலும் மற்ற விரல்களும் காம்பின் கறுப்பு வட்டத்துக்குச் சற்று வெளியே, முதலில் நெஞ்சை நோக்கி ஒரு அழுத்து, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுவது. காம்பை இழுக்கக் கூடாது. மின்வெட்டு நாளில் இந்தக் கைப்பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

ஊற வைத்தால் கழுவியதாகாது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்கிற இந்த ஒரு வேலையில்தான் ஆபத்து அதிகம்.

2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 29 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு மூன்று வாரத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. குரோனோபாக்டர் என்ற கிருமி. அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, வீட்டில் அம்மா பயன்படுத்திய பம்பிலும், அதைக் கழுவிய சிங்க்கின் வடிகாலிலும் அதே கிருமி இருந்தது. அந்த அம்மா பம்பின் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் ஐந்து மணி நேரம் வரை ஊற வைப்பார். தேய்க்க மாட்டார், கொதிக்க வைக்க மாட்டார். அலசி, காற்றில் உலர வைத்து, அடுத்த முறை வரை ஜிப் கவரில் போட்டு வைப்பார். ஏறக்குறைய நீங்கள் செய்வதேதான். இது மிக அரிதாக வரும் நோய், உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் மகன் அந்தக் குழந்தை அளவுக்குக் குறைமாதமும் இல்லை, வளர்ந்தும் விட்டான். ஆனால் பம்புக்கு இந்த அளவு கவனம் தேவை என்று மருத்துவர்கள் கறாராகச் சொல்லத் தொடங்கியதற்கு அந்தச் சம்பவம் ஒரு முக்கியக் காரணம்.

பால் கொழுப்பும் சர்க்கரையும் புரதமும் உள்ள உணவு. அது வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து இரவு முழுக்க நின்றால் கிருமிக்கு விருந்து. சோப்பு ஓரளவுக்குத்தான் தடுக்கும். அழுக்கை எடுப்பது தேய்ப்புதான்.

என் கிளினிக்குக்கு வரும் அம்மாக்களிடம் பம்பையும் எடுத்து வரச் சொல்வேன். ஒருமுறை பளபளவென்று இருந்த பம்பின் அடியில், அந்தச் சிறு வெள்ளை ரப்பர் சவ்வை நகத்தால் நெம்பி எடுத்தேன். அதன் பின்னால் மஞ்சளாக, வழுவழுப்பாக ஒரு படலம். காய்ந்த பால். அந்தப் பெண் தினமும் கழுவுகிறவர்தான், அந்தச் சவ்வு தனியாகக் கழன்று வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் புதுப் பம்ப் வந்ததும் முதல் வேலையாக எத்தனை பாகமாகக் கழற்ற முடியுமோ அத்தனையும் கழற்றி, எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

பால் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் பாலைத் தொட்ட எல்லாப் பாகத்தையும் கழற்றுங்கள். முதலில் ஓடும் தண்ணீரில் பால் போக அலசுங்கள். பிறகு இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு, இதற்கென்றே வைத்திருக்கும் சிறு பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஓடும் தண்ணீரில் அலசுங்கள். சிங்க்குக்குள் நேராகப் போடாதீர்கள். அங்கேதான் காலையில் மீன் கழுவியிருப்போம். கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கூடக் கழுவிக் காய வையுங்கள்.

காய வைப்பதிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். கை தானாக முந்தானைக்கும் சமையலறைத் துணிக்கும்தான் போகும். துடைக்கவே வேண்டாம். நன்றாக உதறிவிட்டு, சுத்தமான துணியின் மேல் கவிழ்த்து, ஈ தூசி படாத இடத்தில் தானாக உலர விடுங்கள். ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காய்ந்த பிறகுதான் டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

நாளுக்கு ஒரு முறை, கழுவி முடித்த பிறகு, ஒரு பெரிய பாத்திரத்தில் பாகங்கள் மூழ்கத் தண்ணீர் விட்டு 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும், குறைவாக இருந்தால் பிளாஸ்டிக் அடிப்பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இது கட்டாயம். உங்கள் மகன் 35 வாரத்தில் பிறந்தவன், உங்கள் பகுதியில் வருவது போர்வெல் தண்ணீர் என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே தொடர்ந்து செய்யுங்கள். மோட்டாரையும் டியூப்பையும் கொதிக்க வைக்கக் கூடாது. மோட்டாரை வெளியே துடைத்தால் போதும். டியூப்பில் நீராவி தெரிந்தால், பால் எடுத்து முடித்த பின் டியூப் மட்டும் மாட்டியபடி இரண்டு மூன்று நிமிடம் பம்பை ஓட விடுங்கள், உலர்ந்துவிடும்.

கையைச் சோப்பு போட்டு 20 விநாடி கழுவ வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மார்பை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவத் தேவையில்லை. கழுவினால் காம்பு வறண்டு வெடிக்கும். தினமும் குளிப்பதே போதும்.

வேகத்தைக் கூட்டினால் பால் கூடாது

கொப்புளம் வந்தும் வேகத்தை உச்சத்திலேயே வைத்திருப்பதாக எழுதியதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பாலை வெளியே தள்ளுவது பம்பின் இழுவை மட்டும் அல்ல. பால் இறங்க வேண்டும், அது மூளையிலிருந்து வரும் ஆக்ஸிடோசின் செய்யும் வேலை. வலியும் பதற்றமும் இருந்தால் அது சுரக்கத் தயங்கும். கழிவறையில், யாராவது கதவைத் தட்டுவார்களோ என்ற பயத்தில், வலியோடு உட்கார்ந்தால் பால் எப்படி இறங்கும்?

குறைந்த இழுவையில், வேகமான சிறு துடிப்புகளோடு தொடங்குங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்கும். பிறகு இழுவையை மெல்லக் கூட்டி, வலி தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்பாகவே நிறுத்திவிடுங்கள். அதுதான் உங்களுக்கான அளவு. 15 முதல் 20 நிமிடம் போதும். முன்னதாக வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் வைத்து, விரலால் மெதுவாகத் தடவி விடுவது உதவும். மகனின் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்த வாசனைக்கே பால் இறங்கிவிடுகிறது என்று பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

புனலின் அளவையும் பாருங்கள். பல பம்புகளில் 24 மில்லிமீட்டர் புனல்தான் பெட்டியில் வரும், அது எல்லோருக்கும் பொருந்தாது. ஸ்கேலை வைத்துக் காம்பின் அடியை அளந்து, அதைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் பெரிய புனல் வாங்குங்கள். காம்பு புனலின் சுவரில் உரசினால் புனல் சிறியது. கறுப்பு வட்டமும் சேர்ந்து உள்ளே போனால் பெரியது. உங்கள் கொப்புளத்துக்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

அப்புறம் அந்த 40 மில்லி. அதை வைத்துப் பால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குழந்தை உறிஞ்சுவது போல எந்த மிஷினும் உறிஞ்சாது. வீடியோக்களில் பாட்டில் பாட்டிலாக நிரப்பிக் காட்டுகிறவர்களோடு ஒப்பிடவும் வேண்டாம். இந்த வயதில் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி அளவுக்குக் குடிக்கும். அதில் பெரும்பகுதியை இரவிலும் காலையிலும் மாலையிலும் உங்களிடம் நேராகவே குடித்துவிடுகிறான். நீங்கள் இல்லாத ஒன்பதரை மணி நேரத்துக்கு 300 மில்லி முன்னே பின்னே தேவைப்படும். இரண்டு முறை எடுப்பதை மூன்று முறையாக்கி, காலையில் அவன் ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கமும் கொஞ்சம் எடுத்தால் அந்த அளவை நெருங்கிவிடலாம். ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கிவிட்டால் இந்த நெருக்கடியும் மெல்லக் குறையும்.

மார்பில் ஒரு பகுதி சிவந்து, கல் போலக் கட்டி, காய்ச்சலும் உடல் வலியும் வந்தால் அதே நாளில் டாக்டரிடம் போங்கள். அந்த நேரத்திலும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. ஒட்டக் கறந்துவிட்டால் சரியாகும் என்று மணிக்கு ஒரு முறை பம்ப் வைத்தால் வீக்கம் இன்னும் கூடும். வழக்கமான அளவுக்கு எடுத்தால் போதும்.

அத்தையிடம் பேசுவது

உங்கள் அத்தையின் மேல் கோபப்படாதீர்கள். பச்சைப் பாலைக் காய்ச்சாமல் கொடுக்கக் கூடாது என்பது மாட்டுப்பால் விஷயத்தில் முழுக்கச் சரி. அதே அக்கறையைத்தான் அவர் உங்கள் பாலிலும் காட்டுகிறார். ஆனால் தாய்ப்பாலில் நோயை எதிர்க்கும் உயிருள்ள செல்களும் புரதங்களும் இருக்கின்றன, பொங்கக் காய்ச்சினால் அவை அழிந்துவிடும். தாய்ப்பால் வங்கிகளில் வேறொரு தாயின் பால் என்பதால் கிருமி நீக்குகிறார்கள். அங்கேகூட 62.5 டிகிரியில் 30 நிமிடம்தான், கொதிக்க விடுவதில்லை. சொந்தத் தாயின் பாலுக்கு அந்தச் சூடும் தேவையில்லை. "காய்ச்சினால் அதில் இருக்கிற மருந்து போய்விடும் அத்தை, டாக்டர் சொன்னார்" என்று என் தலையில் போட்டுச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்த பால் சளி பிடிக்க வைக்கும் என்று அவர் பயப்படுகிறார். சளி வைரஸால் வருவது. குளிர்ந்த பாலை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இதமாக்கிவிட்டால், வயிற்றுக்குள் போகும்போது அது மற்ற பாலைப் போன்றதுதான். மைக்ரோவேவ் மட்டும் கூடாது. பாட்டில் தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் பால் வாய் வெந்துபோகும் அளவுக்குச் சுடும். மேலே ஏடு மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்பதும் கெட்டதன் அடையாளம் இல்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். மாலையில் வெயிலில் வண்டி ஓட்டி வருவதால் "சூட்டுப்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கொடு" என்று சொல்கிறார் இல்லையா, அதற்கும் அவசியமில்லை. உடம்புக்குள் பால் கெடாது. கை கழுவிவிட்டு நேராகத் தூக்கிக் கொடுங்கள்.

அத்தைக்கு ஒரு வேலை கொடுங்கள். பால் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள். பாட்டில் ரப்பரின் மடிப்புகளில் பால் தங்கும். பாலாடையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை, எவர்சில்வராக இருந்தால் சோறு வடிக்கும் அடுப்பிலேயே கொதிக்க வைத்துவிடலாம். பாட்டிலுக்குப் பழகிய பிள்ளைகள் சில சமயம் மார்பை மறுத்துவிடும், அந்தக் கவலையும் குறையும். அவனைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, விளிம்பை உதட்டில் தொட்டு, அவனாக உறிஞ்ச விட வேண்டும், ஊற்றக் கூடாது. உங்கள் கணவரை வளர்த்தபோது அவர் செய்த வேலைதான், கை மறந்திருக்காது.

பாலை வைக்கும் நேரத்தைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்:

- வெளியே: 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரம். நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள், எடுத்ததும் குளிரில் வைத்துவிடுங்கள்.
- ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில்: 24 மணி நேரம்.
- ஃபிரிட்ஜில்: 4 நாள். கதவில் வேண்டாம், உள்ளே பின்பக்கம்.
- தனிக் கதவுள்ள ஃப்ரீசரில்: 6 மாதம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் பெட்டி என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்.
- உறைந்ததை ஃபிரிட்ஜில் வைத்து இளக்கிய பால்: 24 மணி நேரம். மறுபடி உறைய வைக்கக் கூடாது.
- குழந்தை வாய் வைத்த மீதி: 2 மணி நேரம், பிறகு கொட்டிவிட வேண்டும்.

60 மில்லியாகப் பிரித்துத் தேதி எழுதி வைத்தால் வீணாவது குறையும். புதிதாக எடுத்த சூடான பாலை, ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் பாலில் அப்படியே ஊற்றாதீர்கள். தனியாகக் குளிர வைத்துப் பிறகு சேர்க்கலாம்.

அலுவலகம்

கழிவறையில் எடுப்பதை நிறுத்த வேண்டும். நாம் யாரும் கழிவறையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, உங்கள் மகனின் சாப்பாடும் அங்கே தயாராகக் கூடாது. 1961-இன் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு என்றது. இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் 200 பேர் என்கிறீர்கள்.

இதையெல்லாம் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். மனிதவளப் பிரிவில் இருக்கும் பெண் அதிகாரியிடம் கேட்க வேண்டியது சிறியதுதான்: உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக், பக்கத்தில் தண்ணீர். சாம்பிள் துணி அடுக்கும் அறை ஒன்று மதியம் காலியாக இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த அறையைக் கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டு, அதையே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பி வையுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களிலேயே தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்திருக்கிறார்கள், ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில் நாலுக்கு நாலு இடம் கிடைக்காமல் போகாது.

அங்கே ஒழுங்காகக் கழுவ வசதி இல்லையென்றால் புனல், வால்வு, பாட்டில் எல்லாம் சேர்ந்த செட் இன்னும் இரண்டு வாங்கிவிடுங்கள். காலையில் மூன்று உலர்ந்த செட்டோடு போய், பயன்படுத்தியதைத் தனி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் உடனே தேய்த்துக் கழுவலாம். செலவுதான், ஆனால் மூன்று நாள் வயிற்றுப்போக்குக்கு நீங்கள் அலைந்த அலைச்சலை நினைத்துப் பாருங்கள். பாலை அலுவலகப் பொது ஃபிரிட்ஜில் திறந்து வைக்காமல், மூடியுள்ள பாட்டிலை இன்னொரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்.

வேலையை விடுவதா என்பதை நான் சொல்ல முடியாது. வீட்டுக் கடன் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பால் கொடுப்பதற்காக மட்டும் விட வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்வேன். ஒருவேளை இத்தனைக்குப் பிறகும் பால் பற்றாமல் நடுவில் கொஞ்சம் பால் பவுடர் சேர்க்க நேர்ந்தால், குழந்தைக்கென்று உள்ளதை, டாக்டர் சொல்லும் அளவில், கொதித்த தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். அப்போதும் உங்கள் பால் தொடரட்டும். இரண்டில் ஒன்றுதான் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மறுபடி வயிற்றுப்போக்கு வந்து, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ஆறு ஏழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

கடைசியாக, ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கேட்டிருந்தீர்கள். வேலைக்குப் போவதற்கு முன்பே ஒரு மாதமாகச் சேர்த்து ஃப்ரீசரில் வைத்திருக்கும் 14 பாக்கெட்டை என்ன செய்வது என்று. அதுவும் இதே பம்பில், இதே டியூப்பில் எடுத்தது. பூஞ்சை எந்த நாளில் வந்தது என்று நமக்குத் தெரியாது. கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் நீங்கள் தூக்கம் விட்டு எடுத்தது என்று எனக்குத் தெரியும், கொட்டும்போது அழுகை வரும். கணவரைக் கூடவே நிற்கச் சொல்லுங்கள், அல்லது அவரையே கொட்டச் சொல்லுங்கள். புதுப் பம்ப் வரும் வரைக்கும் இந்தச் சனி ஞாயிறு முழுக்க மகனை மார்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கொப்புளம் உள்ள பக்கத்தைக் கடைசியில் கொடுங்கள்.